தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு மகளுக்கு அமெரிக்கா: எஸ்ஏடி எப்போது, பண உதவிக்கு வழி என்ன?

ஈசூன் அப்பா

வணக்கம். மகள் இந்த ஆண்டு (2026) சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி (ஜேசி) முதலாம் ஆண்டு. எச்2 பாடங்கள் (ஏ நிலைத் தேர்வின் முதன்மைப் பாடங்கள்) கணிதம், இயற்பியல், வேதியியல். அமெரிக்காவில் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் சுமார் 9,500 வெள்ளி. நாலறை வீவக வீடு (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு), கடன் இன்னும் முடியவில்லை. ஊரில் அண்ணன் தம்பிகளோடு பங்குள்ள நிலம் ஒன்று இருக்கிறது.

எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) எப்போது எழுதினால் ஏ நிலைத் தேர்வோடு மோதாது? துணைப்பாட நிலையத்தில் இப்போதே சேர்க்கச் சொல்கிறார்கள். ஃபாஃப்சா படிவம் (அமெரிக்க அரசின் கல்வி உதவிப் படிவம்) நமக்குப் பொருந்துமா? மத்திய சேமநிதியிலிருந்தும் (மசேநிதி) மகளின் பிஎஸ்ஈஏ கணக்கிலிருந்தும் (பள்ளிக்குப் பிந்தைய படிப்புக்கான அரசுச் சேமிப்புக் கணக்கு) கட்டணத்துக்கு எடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

அண்ணே, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

மசேநிதிக் கல்விக் கடன், பிஎஸ்ஈஏ, கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடன் மூன்றும் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டும். அமெரிக்கக் கல்லூரிக்கு ஒரு வெள்ளிகூட எடுக்க முடியாது. ஃபாஃப்சா அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரவாசம் பெற்றவர்களுக்கும் உரியது. உங்கள் மகளுக்கு இல்லை. அப்படியானால் மிஞ்சுவது கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவி, இங்குள்ள உபகாரச் சம்பளம், வங்கிக் கடன், கைப்பணம். பெரிய தனியார் கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 அமெரிக்க டாலரைத் தொடுகிறது. உங்கள் வருமானத்துக்குக் கல்லூரி உதவி இல்லாமல் ஆகாது.

ஆகவே தேர்வுக்கு முன்னால் கல்லூரிப் பட்டியலைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமலே சேர்க்கை முடிவெடுத்து, பிறகு தேவை முழுவதையும் ஈடுகட்டும் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன். அண்மையில் பிரவுன், நோட்ரடாம் இரண்டும் சேர்ந்தன. இங்கே உதவி கேட்பதால் இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையாது. இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அது வேறு கதை.

அடுத்த வகை, தேவையைப் பார்த்து முடிவெடுக்கும் கல்லூரிகள். ஸ்டான்ஃபர்ட், கொலம்பியா, கோர்னெல், டியூக் போன்றவை. சேர்த்துக்கொண்டால் தேவையை முழுக்கக் கொடுப்பார்கள். ஆனால் உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கென ஒதுக்கிய பணம் அளவானது, போட்டி அதற்குள்தான். இங்கே பலரும் செய்யும் தவறு, "முதலில் உதவி வேண்டாம் என்று போட்டு உள்ளே போய்விடுவோம், அப்புறம் கேட்போம்" என்பது. ஸ்டான்ஃபர்டில் விண்ணப்பத்தின்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டுகளிலும் கேட்க முடியாது.

மூன்றாவது வகை, மாநிலப் பல்கலைக்கழகங்கள். பெர்க்லி, யூசிஎல்ஏ உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேவை அடிப்படையில் உதவி தருவதில்லை. பெயருக்காகப் பட்டியலில் வைத்து விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்காதீர்கள்.

நவம்பர் 1 அளவில் முடியும் கட்டாய முன்விண்ணப்பத்தில் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் முன்விண்ணப்பம் கட்டாயப்படுத்தாது. ஆனால் அங்கே போட்டால் வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்விண்ணப்பம் போட முடியாது.

செங்காங் செல்வி

தேர்வுப் பகுதியை நான் சொல்கிறேன் அண்ணா.

எஸ்ஏடி இப்போது முழுக்கக் கணினியில்தான். 2023 மார்ச்சிலிருந்து வெளிநாடுகளில் காகிதத் தாள் இல்லை. மொத்தம் 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் 32 நிமிடப் பகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 27 கேள்விகள். நடுவில் 10 நிமிட இடைவேளை. பிறகு கணிதம், 35 நிமிடப் பகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 22 கேள்விகள். முதல் பகுதியை நன்றாகச் செய்தால்தான் இரண்டாவது பகுதி கடினமானதாக வரும், உயர்ந்த மதிப்பெண்ணும் அந்த வழியில்தான். அதனால் முதல் பகுதியில் அவசரப்பட்டுச் சில்லறைத் தவறு செய்வது இரட்டை நஷ்டம். தவறான விடைக்குக் கழிவு கிடையாது, எதையும் வெற்றாக விடக்கூடாது.

எச்2 கணிதம் படிக்கும் பிள்ளைக்குக் கணிதப் பகுதியில் புதிதாக ஒன்றுமில்லை. நுண்கணிதம் கேட்பதே இல்லை. மதிப்பெண் போவது வார்த்தைக் கணக்கை வேகமாகப் படித்து "எதைக் கேட்டார்கள்" என்று தவறவிடும் இடத்தில். எக்ஸ் கேட்டிருக்க மாட்டார்கள், 2எக்ஸ் + 3 கேட்டிருப்பார்கள். திரையிலேயே டெஸ்மோஸ் வரைபடக் கணிப்பான் இருக்கிறது. பள்ளியில் பழகிய கணிப்பானையே நம்பிப் போகாமல் அதில் கோடுகள் வெட்டும் புள்ளி, இருபடிச் சமன்பாட்டின் விடை எடுக்கப் பழகினால் நேரம் மிச்சமாகும்.

ஆங்கிலப் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 150 சொற்கள் கொண்ட சின்னப் பத்தி ஒன்று வரும். பொதுத்தாள் (ஏ நிலையின் ஆங்கிலக் கட்டுரைத் தாள்) எழுதிப் பழகிய பிள்ளைகள் கருத்துக் கேள்விகளில் தப்பித்துவிடுவார்கள். மாட்டிக்கொள்வது நிறுத்தற்குறியில். அரைப்புள்ளி எங்கே, முக்காற்புள்ளி எங்கே, இரண்டு முழு வாக்கியத்தைக் காற்புள்ளியால் மட்டும் இணைக்கலாமா என்பதெல்லாம் இங்கே பள்ளியில் விதியாகச் சொல்லித் தருவது குறைவு. இதைத் தனியே இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்து படித்தாலே மதிப்பெண் ஏறும்.

துணைப்பாடம் பற்றி: எஸ்ஏடி எழுதும் புளூபுக் செயலியில் அதிகாரபூர்வ முழுநீளப் பயிற்சித் தேர்வுகள் இலவசம். கான் அகாடமியின் பயிற்சியும் இலவசம். முதலில் ஒரு முழுத் தேர்வை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். 1450-க்கு மேல் வந்தால் நிலையத்துக்குக் கட்டும் பணம் வீண் என்பது என் கருத்து.

எப்போது? வெளிநாடுகளில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், மார்ச், மே, ஜூன் மாதங்களில் நடக்கிறது. உங்கள் மகளுக்கு இந்த டிசம்பர்தான் சரி. ஆண்டிறுதித் தேர்வு முடிந்திருக்கும், பள்ளி விடுமுறை. குறைந்தால் 2027 மார்ச்சில் இன்னொரு முறை. இரண்டாம் ஆண்டின் ஆகஸ்ட், அக்டோபரைத் தொடவே வேண்டாம், பள்ளியின் முன்னோடித் தேர்வும் ஏ நிலையும் கழுத்தைப் பிடிக்கும். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்தில் முடிந்துவிடும், ஏ நிலை முடிவோ பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில்தான் வரும். ஆகவே அவர்கள் கையில் இருக்கப்போவது முன்னோடித் தேர்வு மதிப்பெண்ணும் பள்ளி தரும் கணிப்பும்தான். அதைக் கெடுத்துக்கொண்டு எஸ்ஏடியில் 30 புள்ளி ஏற்றுவதில் லாபமில்லை.

கட்டணம் 2025-26 பருவத்தில் 68 அமெரிக்க டாலர், அதோடு வெளிநாட்டுக் கூடுதல் 43. சிங்கப்பூரில் இடங்கள் சீக்கிரம் நிரம்பும், பக்கத்து நாட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். பதிவு திறந்ததும் போடுங்கள். தேர்வுக்கு முந்தைய ஐந்து நாளுக்குள் புளூபுக்கில் தேர்வை இறக்கி நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். பள்ளி கொடுத்த கணினி என்றால் அதிலுள்ள கட்டுப்பாட்டு மென்பொருள் புளூபுக்கைத் தடுக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பாருங்கள். அடையாளத்துக்குக் கடவுச்சீட்டு, அது காலாவதியாகாமல் இருக்கட்டும்.

எல்லாக் கல்லூரியும் கேட்கிறதா என்றால் இல்லை. எம்ஐடி, ஹார்வர்ட், பிரவுன், ஸ்டான்ஃபர்ட் கட்டாயம் கேட்கின்றன. டார்ட்மத் வெளிநாட்டுப் பள்ளி மாணவரிடம் அதற்குப் பதிலாக ஏ நிலைக் கணிப்பையும் ஏற்கிறது. பிரின்ஸ்டனில் 2027-28 சேர்க்கைச் சுற்றிலிருந்து கட்டாயம், அது உங்கள் மகளின் சுற்றேதான். யேல் எஸ்ஏடி, ஏசிடி (எஸ்ஏடி போன்ற இன்னொரு தேர்வு), ஏபி, ஐபி (பாடவாரித் தேர்வுகள்) நான்கில் எதையாவது ஏற்கிறது, ஏ நிலை அந்தப் பட்டியலில் இல்லை. கொலம்பியா, ஆம்ஹர்ஸ்ட், போடன் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் அனுப்பினாலும் பார்க்க மாட்டார்கள்.

ஈசூன் அப்பா

இருவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அண்ணன், கல்லூரி உதவிக்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்று ஒரு படிவம் சொல்கிறார்கள். அதில் மசேநிதியை எங்கே காட்டுவது? வீவக வீட்டைச் சொத்து என்று போட்டால் பணக்காரர் என்று நினைத்துவிடுவார்களா?

கணக்குப்பிள்ளை

சரியான இடத்தைத் தொட்டீர்கள். அமெரிக்கர் வாழ்க்கைக்கு அடித்த படிவத்தில் நம் மசேநிதியும் வீவகவும் நேரே உட்காராது.

படிவம் 2027 அக்டோபர் 1 அன்று திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 அமெரிக்க டாலர், கூடுதலாக ஒவ்வொன்றுக்கும் 16. கட்டண விலக்கு அங்குள்ளவர்களுக்குத்தான். நமக்கு வேண்டுமானால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும். சில கல்லூரிகள் விலக்குக் குறியீடு தரும், சில இலவசமான வேறு படிவத்தை ஏற்கும்.

எந்த ஆண்டு வருமானம்? இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 2028-29 கல்வியாண்டுக்கு அவர்கள் பார்ப்பது 2026-ம் ஆண்டு வருமானம். அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு. நம் உள்நாட்டு வருவாய் ஆணையக் கடிதத்தில் அது "2027 வரி மதிப்பீட்டு ஆண்டு" என்று இருக்கும். ஆண்டு எண்ணை மட்டும் பார்த்து 2026 கடிதத்தை ஏற்றினால் அது 2025 வருமானம். கல்லூரி திருப்பிக் கேட்கும், கெடு தாண்டும். இன்னொன்று, அந்தக் கடிதத்தின் அடியில் இருக்கும் வரிக்குரிய வருமானம் கழிவுகள் போக மிஞ்சியது. படிவம் கேட்பது மொத்த வருமானம். வேலையிடம் தரும் ஐஆர்8ஏ தாளில் உள்ள மொத்தச் சம்பளம், போனஸ் எல்லாம் போடுங்கள்.

அந்த மொத்தத்தில் நீங்கள் கட்டும் 20 விழுக்காட்டு மசேநிதி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதைத் தனியே இன்னொரு வருமானமாகச் சேர்த்தால் இரட்டைக் கணக்கு. முதலாளி கட்டும் 17 விழுக்காடு உங்கள் கைக்கு வராத பணம். அதை விளக்கப் பகுதியில் ஒரு வரியில் எழுதினால் போதும். இவை 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விகிதங்கள்.

மசேநிதி இருப்பை ஓய்வுக்காலச் சேமிப்பு என்ற கட்டத்தில் காட்டுங்கள். சாதாரணக் கணக்கு, சிறப்புக் கணக்கு, மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) மூன்றும் அங்கேயே. பல கல்லூரிகள் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. சாதாரணக் கணக்கை "சேமிப்பு" கட்டத்தில் போட்டால் வங்கியில் சும்மா கிடக்கும் பணம் என்று எடுத்துக்கொண்டு உதவியைக் குறைப்பார்கள். 55 வயதுக்கு முன் ரொக்கமாக எடுக்க முடியாத பணம் என்பதை எழுதி, சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான நுழைவுக் கணக்கு) வழி எடுத்த அறிக்கையை இணையுங்கள்.

வீட்டுக்கு இன்றைய சந்தை விலை, வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, மிச்சக் கடன் நான்கும் கேட்பார்கள். விலைக்கு வீவக இணையத்தளத்தில் உங்கள் புளோக்கிலும் பக்கத்து புளோக்குகளிலும் அண்மையில் விற்ற நாலறை வீடுகளைப் பாருங்கள். சொத்து முகவரின் ஆசை விலையைப் போடாதீர்கள். விற்றால், வீட்டுக்கு எடுத்த மசேநிதியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அமெரிக்க அலுவலருக்குத் தெரியாது. அதையும் 99 ஆண்டுக் குத்தகை என்பதையும் விளக்கத்தில் சொல்லுங்கள். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சேர்ப்பதில்லை, வேறு பல கல்லூரிகள் சேர்க்கின்றன.

ஊர் நிலத்தை மறைக்காதீர்கள். உங்கள் பங்கின் மதிப்பை மட்டும் போடுங்கள். மூவர் பங்கென்றால் மூன்றில் ஒன்று, மற்றவர் சம்மதமின்றி விற்க முடியாது என்ற குறிப்போடு. ஆவணம் கேட்டால் பட்டாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கும், கடைசி வாரத்தில் ஓட வேண்டாம். இந்திய வங்கியில் வைப்புத்தொகை இருந்தால் அதுவும் வரும். ஊருக்கு அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தை எழுதுங்கள், அனுப்பிய ரசீதுகளை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். இதற்கெல்லாம் தனிக் கட்டம் இல்லை, விளக்கப் பகுதிதான் உங்களுக்கு வக்கீல்.

நாணயம்: படிவத்தில் சிங்கப்பூர் வெள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லாவற்றையும் வெள்ளியிலேயே போடுங்கள். ஊர் நிலத்தை மட்டும் ரூபாயில் போட்டுவிட்டால் கதை கந்தல்.

உட்லண்ட்ஸ் அம்மா

நடுவில் ஒரு கேள்வி. பையனாக இருந்தால் தேசிய சேவை? அவனும் ஜேசியில்தான், நாங்கள் நிரந்தரவாசிகள்.

பழைய மாணவன்

அக்கா, இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசிப் பையன்களுக்கும் கடமை உண்டு. ஏ நிலை அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம் வரைக்கும்தான் தள்ளிவைப்பார்கள். பட்டப்படிப்புக்காக, உள்ளூரோ வெளியூரோ, ஒத்திவைப்பு இல்லை. ஆகவே இரண்டு வழி. ஒன்று, இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் இரண்டு ஆண்டு ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்பது. பல கல்லூரிகள் கட்டாய ராணுவச் சேவைக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் எழுத்தில் வாங்குங்கள், உதவித்தொகையும் தள்ளிவைக்கப்படுமா, புதிதாகக் கணக்கிடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று, சேவையின் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிப்பது. அப்போது உண்மையான ஏ நிலை முடிவு கையில் இருக்கும். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியர்கள் அதற்குள் மாறிப்போவார்கள், பள்ளியை விட்டு வரும்போதே சொல்லி வையுங்கள். எஸ்ஏடியை ஜேசியிலேயே முடித்துவிடலாம், மதிப்பெண்ணைப் பொதுவாக 5 ஆண்டு வரை ஏற்கிறார்கள்.

தெம்பனிஸ்காரர்

எல்லாரும் அமெரிக்காவையே பேசுகிறீர்கள். உள்ளூரை ஏன் இளக்காரமாகப் பார்க்க வேண்டும்? என்யூஎஸ், என்டியூ இரண்டுக்கும் ஏ நிலை மாணவருக்கு எஸ்ஏடி தேவையே இல்லை. 2026 சேர்க்கையிலிருந்து புள்ளிக் கணக்கும் 90 இல்லை, 70. மூன்று எச்2 பாடம் 60, பொதுத்தாள் 10. நான்காவது பாடம் கூட்டினால் புள்ளி ஏறும் என்றால் மட்டும் சேர்ப்பார்கள்.

கட்டணம் குடிமக்களுக்கு மானியம் போக, சாதாரணப் படிப்புகளில் ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 வெள்ளி அளவில். இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. பெற்றோர் முதலில் மசேநிதியைத் தொடுகிறார்கள். அதில் பணம் எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு வட்டி ஓடும், பிள்ளை பட்டம் வாங்கி ஓராண்டில் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், அதிகபட்சம் 12 ஆண்டு. கல்வி அமைச்சின் கட்டணக் கடனோ மானியம் போக மிஞ்சும் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை, படிக்கும் காலத்தில் வட்டியில்லை. உத்தரவாதம் அளிப்பவர் 21 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், அப்பாவுக்கு வயது தாண்டியிருந்தால் சித்தப்பாவை இப்போதே கேட்டு வையுங்கள். முதலில் உதவிநிதிக்கு விண்ணப்பம், அடுத்து பிஎஸ்ஈஏ, பிறகு அமைச்சின் கடன், மசேநிதி கடைசியில். சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உதவிநிதியையும் பாருங்கள். உதவிநிதிக்குத் தனிநபர் வருமானம் பார்ப்பார்கள், குடும்ப மொத்த வருமானத்தை வீட்டில் இருப்போர் எண்ணிக்கையால் வகுத்தது. பாட்டி உங்களோடு இருந்தும் அடையாள அட்டை முகவரி வேறாக இருந்தால் எண்ணிக்கையில் வர மாட்டார்.

கணக்குப்பிள்ளை

இளக்காரம் யாரும் செய்யவில்லை தம்பி, உள்ளூர் விண்ணப்பமும் சேர்த்தே போட வேண்டும், அதில் மறுபேச்சில்லை. பொதுச் சேவை ஆணைய உபகாரச் சம்பளமும் ஒரு வழி. ஆனால் ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தால் 6 ஆண்டு ஒப்பந்தம், உள்ளூரில் 4.

ஈசூன் அண்ணனுக்கு ஒன்று விட்டுப்போனது. முழு உதவி கிடைத்தாலும் வரி உண்டு. கல்விக் கட்டணத்துக்கான உதவிக்கு வரியில்லை, தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு 14 விழுக்காடு பிடிப்பார்கள். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்படிக்கை இல்லாததால் விலக்கும் இல்லை. அந்தப் பகுதி 20,000 டாலர் என்றால் 2,800 போகும். மறு ஆண்டு 1040-என்ஆர் வரிப்படிவம் தாக்கல் செய்தால் கொஞ்சம் திரும்பலாம். அதோடு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350, விசா 185 டாலர், விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி. உதவிக் கடிதம் வந்ததும் இவை உள்ளே இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள்.

ஈசூன் அப்பா

மிக்க நன்றி. இன்றே எஸ்ஏடிப் பதிவுக்குக் கணக்குத் திறக்க உட்கார்ந்தோம். பெயர் கட்டத்திலேயே நின்றுவிட்டோம். கடவுச்சீட்டில் மகள் பெயர், த/பெ, பிறகு என் பெயர். குடும்பப் பெயர் என்று கேட்கும் இடத்தில் எதைப் போடுவது?

செங்காங் செல்வி

மகள் பெயரை முதற்பெயரிலும் உங்கள் பெயரைக் குடும்பப் பெயரிலும் போடுங்கள். நடுவில் உள்ள சாய்கோட்டைக் கட்டம் ஏற்காது, விட்டுவிடலாம். எப்படிப் பிரித்தாலும் எஸ்ஏடி, காமன் ஆப் (கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்), சிஎஸ்எஸ் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் உங்கள் பெயர் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போனால் மதிப்பெண் ஒரு கோப்பிலும் வருமானத் தாள்கள் இன்னொரு கோப்பிலும் கிடக்கும். ஏற்கெனவே தவறாகப் பதிந்திருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே வாடிக்கையாளர் சேவையில் சொல்லி மாற்றுங்கள், தேர்வு மையத்தில் மாற்றித் தர மாட்டார்கள்.